ஆங்கிலம் அளித்த அன்னம்

அந்நிய தேசத்தில் போய் இறங்கியவனுக்கு அறிந்த மொழியே மூலதனமாவதுண்டு. லாப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் 1890-ம் வருஷம் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுத ஜப்பான் வந்தார். வந்தபின் பத்திரிகாசிரியருடன் மனஸ்தாபம் ஏற்பட்டு, ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். வேறு வருவாயில்லை, அந்நாட்டுப் பாஷையும் தெரியாது.

நல்ல வேளையாக, மேனாட்டுக் கல்வியில் முனைந்திருந்த ஜப்பானுக்கு அப்போது ஆங்கில உபாத்தியாயர்கள் தேவைப்பட்டனர். டோக்கியோ சர்வகலாசாலைப் பேராசிரியர் சேம்பர்லேனின் உதவியால், மாட்சுயே நகரத்துப் பள்ளியில் மாதம் 100 யென் சம்பளத்தில் ஹெர்னுக்கு உத்தியோகம் கிடைத்தது.

கற்பிக்கப் போனவர் கற்கவும் தொடங்கினார். மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதித் தந்த வியாசங்களில் அவர்களுடைய உள்ளத்தைக் கண்டார். 1894-ல் வெளிவந்த தம் நூலில் அவற்றுட் சிலவற்றைச் சேர்த்தார். ஜப்பானியப் பெண்மணி சேட்சுவை மணந்தார். 1896-ல் கொய்சுமி யாகுமோ என்ற பெயருடன் ஜப்பானியப் பிரஜையானார். அவ்வருஷமே டோக்கியோ சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் போதிக்கலானார்.

1903-ல் அவ்வேலை போயிற்று. அவருக்குப்பின் அங்கே ஆங்கிலம் போதித்தவர்களுள் நாட்சுமே சோசெகி என்ற ஜப்பானியரும் ஒருவர். கற்க விரும்பிய தேசம் தன் மக்களையே ஆசிரியராக்கிக்கொண்டது நியாயந்தானே?

மறு வருஷம் ஹெர்ன் காலமானார். ஆங்கிலம் அவருக்குச் சில காலம் சோறிட்டது. மனைவியின் வாய்மொழியாகக் கேட்டு அவர் எழுதிய ஜப்பானியக் கதைகளோ இன்றும் படிக்கப்படுகின்றன.