கம்பெனி மாறினாலும் இமெயில் முகவரி மாறாது... டொமைன் உங்க பேரில் இருந்தால் போதும்! செய்ய வேண்டியது என்ன?

மத்திய அரசு ஊழியர்கள் உட்பட சுமார் 12 லட்சம் பேரின் இமெயில், ஜோஹோ தளத்துக்கு மாற்றப்பட்டிருப்பது 2025 அக்டோபரில் பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆனால் அவர்களின் முகவரியில் பழைய 'நிக் டாட் இன்', 'கவ் டாட் இன்' பெயர்கள்தான் தொடர்கின்றன. நிறுவனம் மாறியும் முகவரி மாறாதது எப்படி? நாமும் அப்படி மாற முடியுமா?

முகவரி யாருக்குச் சொந்தம்?

இமெயிலில் @ குறிக்குப் பின்னால் வருவதுதான் டொமைன். அது யாரிடம் இருக்கோ, அவங்கதான் முகவரிக்கு முதலாளி. அரசு டொமைன் அரசிடமே இருப்பதால் சிக்கல் இல்லை. மொபைல் நம்பரைப் போல ஜிமெயில் முகவரியை வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்ய முடியாது. ஏன்னா, அந்த டொமைன் கூகுளுடையது.

இதில் என்ன ஆபத்து?

பேங்க், வருமான வரி, பி.எஃப். என எல்லாமே ஒரே இமெயிலில்தான் இணைந்திருக்கும். 2 ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை கூகுள் நீக்கலாம். 2013-ல் யாஹூ, பயன்பாட்டில் இல்லாத ஐ.டி.க்களை வேறு நபர்களுக்கே வழங்கியது.

நிரந்தர முகவரி பெறுவது எப்படி?

* டொமைன் விற்கும் தளத்தில் உங்க பேரிலோ, தொழில் பேரிலோ ஒரு டொமைன் வாங்குங்கள். 'டாட் இன்' டொமைன், ஆண்டுக்கு சில நூறு ரூபாயில் இருந்தே கிடைக்கிறது.
* ஜோஹோ, கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, புரோட்டான் என ஏதாவது ஒரு சேவையில் அதை இணையுங்கள். இதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம்.
* விலையை மட்டும் பார்க்காதீங்க. ஸ்டோரேஜ் எவ்வளவு, பழைய மெயில்களை வெளியே எடுக்க 'ஐமேப்' வசதி இருக்கா என்பதையும் பாருங்கள்.

பிறகு நிறுவனத்தை மாற்றணுமா?

1. புதிய நிறுவனத்தில் அதே முகவரியை முதலில் உருவாக்குங்கள்.
2. டொமைன் செட்டிங்ஸில் 'எம்எக்ஸ் ரெக்கார்டு' என்பதை மாற்றுங்கள். வரும் மெயிலை எந்த சர்வரில் சேர்க்கணும்னு சொல்வது இதுதான்.
3. 'எஸ்பிஎஃப்', 'டிகிம்' பதிவுகளையும் மாற்றுங்கள். இல்லைன்னா நீங்க அனுப்பும் மெயில் ஸ்பேமுக்குப் போகலாம்.
4. மாற்றம் முழுசா அமலாக 48 மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை மெயில் இரண்டு பக்கமும் வந்து விழலாம். பழைய மெயில்களை ஐமேப் மூலம் நகல் எடுத்த பிறகே பழைய கணக்கை மூடுங்கள்.

மறக்கவே கூடாத 2 விஷயங்கள்

டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால், அதை வேறொருவர் வாங்க முடியும். அதன்பின் உங்களுக்கான மெயில், பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் உட்பட, அவருக்குத்தான் போகும்! எனவே ஆட்டோ ரினியூவல் அவசியம்.

டொமைன் வாங்கிய தளத்தில் அதே டொமைன் இமெயிலைக் கொடுக்காதீங்க. டொமைன் முடங்கினால் எச்சரிக்கை மெயிலும் வராது. அங்கே ஜிமெயில் போன்ற வேறொரு முகவரியைக் கொடுங்கள்.

டொமைன் வேண்டாம் என்பவர்கள்?

புதிய இமெயில் தொடங்கி, பழையதில் ஃபார்வேர்டிங் போடுங்கள். பேங்க், ஆதார், வருமான வரி என ஒவ்வொன்றாக முகவரியை மாற்றுங்கள். அனைத்தும் மாறும் வரை பழைய கணக்கை நீக்க வேண்டாம். அவ்வப்போது லாகின் செய்வதும் முக்கியம்.