செங்கீரையிலிருந்து அம்புலி வரை: பிள்ளைத்தமிழும் கிளினிக் புத்தகமும்

நம் நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வளர்ச்சிப் பதிவேடு கொடுக்கிறார்கள். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. யாழ்ப்பாணத்து வீடுகளிலும் இதைக் 'கிளினிக் புத்தகம்' என்றால் விளங்கும். ஊசி போட்ட திகதியைப் பார்க்க, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது காட்ட என்று அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதே நம்மில் அநேகரின் வழக்கம். பிள்ளை எப்போது சிரிக்கும், எப்போது கழுத்து நிற்கும், எப்போது இருக்கும் என்ற விபரமும் அதில் இருப்பதை எத்தனை வாப்பாமார் வாசித்திருப்பார்கள்?

தமிழிலே இதைவிடப் பழைய பட்டியல் ஒன்றும் உண்டு. அது பிள்ளைத்தமிழ். பத்துப் பருவங்களில் முதல் ஏழும் ஆண், பெண் இரு பாலாருக்கும் பொது: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. நம் புலவர்கள் இந்த வடிவத்தை விரும்பி எடுத்தாண்டார்கள். செய்யிது அனபியா புலவரின் நபிநாயகம் பிள்ளைத்தமிழ் ஒன்று. முஹியித்தீன் ஆண்டகை மீதும் நாகூர் ஆண்டகை மீதும் பிள்ளைத்தமிழ்கள் உண்டு. மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நூலுக்கு நூல் சிறு வேறுபாடு இருக்கும். புலவர்கள் வைத்தியர்களல்லர், அவர்களுக்கு இது மரபு. ஆனாலும் தொட்டிலருகே இருந்து பார்த்தவர்களின் கண் அந்த மரபுக்குள் இருக்கிறது.

முதல் இரண்டு மாதத்தைப் பற்றிப் பாட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் எவ்வளவோ நடக்கிறது! பிறந்த சில நாட்களில் பிள்ளையின் நிறை பத்திலொரு பங்குவரை குறையலாம். இரண்டு கிழமைக்குள் திரும்பிவிடும். 'பால் காணாது' என்று பால்மா பேணியைத் தேடிப் போகும் அவசரம் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வருகிறது. பிள்ளைக்கு ஏறத்தாழ ஓரடி தூரம்தான் தெளிவாகத் தெரியும். மடியில் கிடந்து பால் குடிக்கும் பிள்ளைக்கும் உம்மாவின் முகத்துக்கும் உள்ள தூரம் அதுவே. கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் வாய் திரும்பும், உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பிடிக்கும், சட்டென்று அசைத்தால் இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிடும். இவை பிள்ளை நினைத்துச் செய்பவையல்ல. மூளை வளர வளர, ஐந்தாறு மாதத்துக்குள் இவை மறைய வேண்டும். இறுகப் பிடிக்கும் அந்தப் பழக்கம் போனால்தான் கிலுக்கியைத் தானாக நீட்டிப் பிடிக்க முடியும்.

ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் முகம் பார்த்துச் சிரிக்கும். நித்திரையில் சிரிப்பது வேறு, உங்களைப் பார்த்துச் சிரிப்பது வேறு. மூன்று மாதமாகியும் சிரிப்பில்லை, நகரும் முகத்தோடு கண் நகரவில்லை என்றால் காட்ட வேண்டும்.

காப்புப் பருவத்தில் புலவர்கள் பிள்ளைக்குப் பாதுகாவல் வேண்டிப் பாடினார்கள். இன்று பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசி. பிறகு இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியும் போலியோ மருந்தும். துஆவும் ஊசியும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. ஆனால் தேனைப் பற்றி ஒரு சொல். பிறந்த பிள்ளையின் வாயில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமிவித்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கி உடலைத் தளரச் செய்யலாம். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்தானது. ஒரு வயதுவரை தேன் வேண்டாம்.

செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது. வளர்ச்சி தலையிலிருந்து காலுக்கு இறங்குகிறது: முதலில் கழுத்து, பிறகு தோள், பிறகு இடுப்பு, கடைசியில் பாதம். இந்த ஒழுங்கு எந்த ஊரிலும் மாறாது. மாதம்தான் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். இந்தியா, ஓமான், கானா, நோர்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் கணக்கொன்றை வெளியிட்டது. தாங்கலின்றி இருப்பது 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை. கை, முழங்காலில் தவழ்வது 5.2 முதல் 13.5 வரை, தனியே நடப்பது 8.2 முதல் 17.6 வரை. நூற்றில் நான்கு பிள்ளைகள் அப்படித் தவழாமலே நடந்துவிட்டார்கள். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்ததென்று மனம் நோக வேண்டாம். அதேநேரம் ஒன்பது மாதம் தாண்டியும் இருக்காத பிள்ளையை 'கொழுத்த பிள்ளை, பிந்தும்' என்று விட்டுவிடவும் கூடாது. மாதம் குறைந்து பிறந்த பிள்ளைக்கு, பிறக்க வேண்டிய திகதியிலிருந்து கணக்கெடுக்க வேண்டும்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது தாலைத்தான். தால் என்றால் நாக்கு. நாவசையப் பாடுவது தாலாட்டு. ஏழாம் மாதமென்று மரபு சொல்வதும் பிள்ளை 'ம-ம-ம', 'ப-ப-ப' என்று அடுக்கத் தொடங்குவதும் ஒரே காலம். இதழைச் சேர்த்தால் வருவது 'ம'. 'உம்மா' என்ற சொல் அங்கேதான் பிறக்கிறது. காது கேளாத பிள்ளையும் முதல் மாதங்களில் 'ங்கா' சொல்லும், சிரிக்கும். அதனால் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. இந்த அடுக்குப் பேச்சு வராமல் போகும்போதோ, வந்து குறையும்போதோதான் விஷயம் வெளிப்படும். 'காதுல பாங்கு சொன்ன நேரம் திடுக்கிட்டவன்தானே' என்பார்கள். அது கேள்விச் சோதனையல்ல. முகத்தில் பட்ட மூச்சுக்கும் திடுக்கிடலாம். 'அவன்ட வாப்பாவும் பிந்தித்தான் கதைச்சவர்' என்பதும் மருந்தல்ல. பத்து மாதத்தில் அடுக்குப் பேச்சில்லை, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் கேள்வியைச் சோதிக்கக் கேளுங்கள். கேள்விக் கருவியை எவ்வளவு முந்திப் போடுகிறோமோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும். இரண்டு, மூன்று வயதுவரை காத்திருந்தால் இழந்த காலம் திரும்பாது.

சப்பாணி கொட்டுவது கை தட்டுவது. இருக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துச் சோற்றுப் பருக்கையைப் பொறுக்குவதும் இதே ஒன்பது, பத்து மாதத்தில்தான். தெரியாதவர் தூக்கினால் அழுவதும் இப்போதுதான். அது பழக்கக்கேடல்ல, முகங்களைப் பிரித்தறியும் அறிவு.

வருகைப் பருவத்துக்கு இன்றைய போட்டி வோக்கர். வெளிநாட்டு உறவுகள் அனுப்புவதும் உண்டு. ஆனால் கனடாவில் 2004 முதல் அதை விற்பதே தடை. அது நடையை முந்த வைக்காது. படியிலிருந்து விழ வைக்கும். விரித்த பாயும், பிடித்து நடக்க ஒரு வாங்கும் போதும்.

அம்புலியைக் காட்டி உம்மம்மா சோறூட்டும்போது பிள்ளை விரலைப் பார்க்கிறதா, நிலவைப் பார்க்கிறதா? விரல் போன வழியே பார்ப்பதும், தானே விரல் நீட்டி உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதும் பேச்சுக்கு முந்திய பேச்சு. பதினெட்டு மாதமாகியும் விரல் நீட்டிக் காட்டாத பிள்ளையையும், எந்த வயதிலானாலும் வந்த சொல்லையோ பழக்கத்தையோ இழக்கும் பிள்ளையையும் வைத்தியரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.

இதிலே நம்மவர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்றுண்டு. 1990 ஒக்டோபரில் குடாநாட்டை விட்டு வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களில் பல, இன்றும் புத்தளத்தில் ஒரு கால், சோனகத் தெருவில் ஒரு கால் என்றே வாழ்கின்றன. பிள்ளைப்பேறு உம்மா வீட்டில், வளர்ப்பு வாப்பாவின் ஊரில். குடும்பநல உத்தியோகத்தர் தன் பிரிவில் பதிந்த பிள்ளையைத்தான் தேடி வருவார். ஊர் மாறும் பிள்ளையின் பெயர் இரண்டு பதிவிலும் இல்லாமற் போனால் நிறுவையும் தவறும், ஒன்பது மாதச் சின்னமுத்து ஊசியும் தவறும், கழுத்து நிற்காததைக் காண ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஊர் மாறும்போது அந்த நீல, இளஞ்சிவப்புப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் போய், அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பிள்ளையைப் பதியச் சொல்லுங்கள். அதற்குக் காசு வாங்குவதில்லை.