புகழும் பழியும் – 9: சத்ரசால் மைதானத்துப் பயில்வான்

2008 ஆகஸ்ட் 20, பெய்ஜிங் ஒலிம்பிக். 66 கிலோ மல்யுத்தத்தின் முதல் சுற்றிலேயே உக்ரைன் வீரர் ஆந்த்ரி ஸ்தாத்னிக்கிடம் தோற்றுப்போனார் சுசில் குமார். ஆனால் ஸ்தாத்னிக் இறுதிப் போட்டிவரை முன்னேறியதால், அவரிடம் தோற்றவர்களுக்கு வெண்கலத்துக்கான வழி திறந்தது. அடுத்தடுத்து மூன்று பேரைச் சந்தித்தார் சுசில். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் மூவரையும் வென்று பதக்கத்தோடு இறங்கினார். 1952இல் ஹெல்சிங்கியில் கே.டி. ஜாதவ் வாங்கிய வெண்கலத்துக்குப் பிறகு, 56 ஆண்டுகள் கழித்து மல்யுத்தத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

அவருடைய அப்பா டெல்லி போக்குவரத்துக் கழகத்தில் பஸ் டிரைவர். நஜஃப்கர் பக்கத்துப் பாப்ரோலா கிராமம்தான் சொந்த ஊர். பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளில் ஒருவரும் சுசிலோடு குஸ்தி பழகியவர்தான். பாலுக்கும் நெய்க்கும் பாதாமுக்கும் இரண்டு பேருக்குச் செலவழிக்க அந்தக் குடும்பத்துக்கு வசதி இல்லாததால், அவர் விலகிக்கொண்டார். 14 வயதில் டெல்லி சத்ரசால் மைதானத்துக்கு வந்து சேர்ந்த சுசிலை வளர்த்தெடுத்தவர், 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற சத்பால். பின்னாளில் அவரே சுசிலின் மாமனாரும் ஆனார்.

பெய்ஜிங்கோடு அந்த ஓட்டம் நிற்கவில்லை. 2010இல் மாஸ்கோவில் உலகச் சாம்பியன். அதுவரை எந்த இந்திய மல்யுத்த வீரரும் தொடாத உயரம் அது. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்திச் சென்றார், வெள்ளியோடு திரும்பினார். விடுதலைக்குப் பிறகு தனிநபர் பிரிவில் இரண்டு ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். காமன்வெல்த் போட்டிகளில் மூன்று தங்கம், கேல் ரத்னா, பத்மஸ்ரீ என்று கௌரவங்கள் குவிந்தன. ரயில்வேயில் வேலை கிடைத்தது. தான் சிறுவனாகப் பாய் விரித்துப் படுத்த அதே சத்ரசால் மைதானத்துக்குச் சிறப்பு அதிகாரியாகவும் வந்து அமர்ந்தார்.

அந்த மைதானத்தின் வாகன நிறுத்துமிடத்தில்தான் 2021 மே 4 இரவு இளம் மல்யுத்த வீரர்கள் சிலர் கொடூரமாகத் தாக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சாகர் தன்கர். வயது 23. ஜூனியர் பிரிவில் தேசியச் சாம்பியனாக இருந்தவர். சுசிலைப் போலவே அவரும் மல்யுத்தம் கற்க சத்ரசாலுக்கு வந்தவர். தாக்குதலில் ஏற்பட்ட காயங்களால் உயிரிழந்தார்.

மாடல் டவுன் பகுதியில் உள்ள ஒரு வீடு தொடர்பான தகராறுதான் தொடக்கம் என்கிறது காவல் துறை. இளம் வீரர்களிடையே தன் ஆதிக்கத்தை நிலைநாட்டவே சுசில் இதைச் செய்தார் என்கிறது குற்றப்பத்திரிகை. மற்றவர்களும் பார்த்து அஞ்சட்டும் என்று தாக்குதலைக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொன்னதும் அவரே என்பது அரசுத் தரப்பு வாதம். சுசில் எல்லாவற்றையும் மறுக்கிறார். ஆனால் சம்பவத்துக்குப் பிறகு அவர் தலைமறைவானார் என்பதும், அவரைப் பற்றித் துப்புக் கொடுத்தால் 1 லட்சம் ரூபாய் என்று டெல்லி போலீஸ் அறிவித்ததும், மே 23 அன்று முண்ட்கா பகுதியில் அவர் பிடிபட்டதும் நடந்த உண்மைகள். ஒலிம்பிக்கில் கொடி பிடித்தவர் தலைக்குப் பரிசுத்தொகை! கைதான சில நாட்களில் ரயில்வே அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. 2022 அக்டோபரில் நீதிமன்றம் அவர்மீதும் இன்னும் பலர்மீதும் கொலைக் குற்றச்சாட்டைப் பதிவு செய்தது.

குற்றம் சாட்டப்படுவது வேறு, குற்றம் நிரூபிக்கப்படுவது வேறு. சென்ற வாரம் இத்தொடரில் வாசித்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் கதையே அதற்குச் சாட்சி. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையில் கிடந்து 1947இல் விடுதலையான அவருக்கு, இழந்த இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஆகவே சுசில் கொலைகாரரா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். இங்கே எழுப்ப வேண்டிய கேள்வி இன்னொன்று: ஓர் அரசு மைதானத்தில், பிள்ளைகள் தங்கிப் பயிலும் ஓர் இடத்தில், ஒரு மனிதரின் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்ற நிலை எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்கு உத்திரமேரூரில் ஒரு பழைய விடை இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்குப் பெயர் பெற்றவை. குடத்தில் ஓலை போட்ட கதையைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்தக் கல்வெட்டின் உயிர், யார் வரக்கூடாது என்று சொல்லும் பகுதியில் இருக்கிறது. ஏரி வாரியமோ தோட்ட வாரியமோ, பதவி ஓராண்டுதான். முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. கணக்குக் காட்டாமல் போனவர் வரவே முடியாது. அவருடைய மருமகன், மைத்துனன் முதலான உறவினரும் வர முடியாது. பதவியில் இருக்கும்போது குற்றம் கண்டால் உடனே நீக்கம். பெரும் பாதகம் செய்தவர் பரிகாரம் செய்து தூய்மை அடைந்தாலும், ஆயுள் முழுக்க அவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது.

அது பிராமணச் சபையின் சட்டம். நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டும் திறந்த கதவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒருவரின் பெருமையையும் அவரிடம் கொடுக்கும் பொறுப்பையும் அந்தச் சபை தனித்தனியே எடைபோட்டது. நம்முடைய விளையாட்டு அமைப்புகள் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கின்றன. பதக்கம் வாங்கியவர் நிர்வாகி ஆகிறார், நிர்வாகி அசைக்க முடியாதவர் ஆகிறார். அவரிடம் கணக்குக் கேட்க யாருக்கும் துணிவில்லை.

நவ்ஜோத் சிங் சித்துவின் கதையைப் பாருங்கள். 1988 டிசம்பரில் பாட்டியாலாவில் சாலைத் தகராறில் தாக்கப்பட்டு, குர்னாம் சிங் என்ற 65 வயதுப் பெரியவர் இறந்தார். சித்து தொடர்ந்து இந்திய கிரிக்கெட் அணிக்கு ஆடினார். 1999இல் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. 2006இல் உயர் நீதிமன்றம் மூன்றாண்டு தண்டனை விதித்தது. அமிர்தசரஸ் எம்.பி. பதவியைத் துறந்தார். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டதும் அதே தொகுதியில் மீண்டும் நின்று வென்றார். தொலைக்காட்சியில் சிரித்தார், பஞ்சாபில் அமைச்சரானார். 2018இல் உச்ச நீதிமன்றம் 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டது. மறுசீராய்வில், 2022 மே மாதம் ஓராண்டுச் சிறை என்று அதே நீதிமன்றம் திருத்திச் சொன்னபோது 33 ஆண்டுகள் கடந்திருந்தன. குர்னாம் சிங்கின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

அமெரிக்காவின் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் 1995இல் விடுதலையானார். 1997இல் உரிமையியல் நீதிமன்றம் அந்த மரணங்களுக்கு அவரே பொறுப்பு என்று 3.35 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. பின்னர் வேறொரு கொள்ளை வழக்கில் சிறையும் சென்றார். 2024இல் அவர் இறந்தபோதும் அமெரிக்கக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் சிலை இருந்தது. சாதனைப் பட்டியலிலிருந்து ஒருவரை அழிப்பதில் பயனில்லை. சுசில் லண்டனில் வென்ற வெள்ளியும் நடந்த வரலாறுதான். அதை யாரும் பிடுங்க வேண்டாம். பத்மஸ்ரீ அப்படியல்ல. அது நாடு தரும் மரியாதை, திரும்பப் பெறும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உண்டு. குற்றம் உறுதியானால் அதைத் திரும்பப் பெறத்தான் வேண்டும்.

2025 மார்ச் 4 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் சுசிலுக்கு ஜாமீன் கொடுத்தது. சாகரின் தந்தை விடவில்லை. உச்ச நீதிமன்றம் சென்றார். சாட்சிகள் பலர் பிறழ்ந்ததும், குற்றம் சாட்டப்பட்டவரின் செல்வாக்கும் அங்கே வாதமாயின. ஆகஸ்ட் 13 அன்று ஜாமீன் ரத்தானது; ஒரு வாரத்தில் சரணடைய உத்தரவு வந்தது.

உத்திரமேரூர் வட்டாரத்தில் பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடத்தாத கிராமம் குறைவு. ஜெயிக்கும் பையனுக்கு பிளக்ஸ் வைக்கிறார்கள். வைக்கட்டும், அது நம் பிள்ளைகளுக்கு உரிய மகிழ்ச்சி. ஆனால் விளையாட்டு மன்றம் நடத்துகிறவர்களும் பெற்றோரும் ஒன்றைச் செய்ய வேண்டும். பயிற்சி முகாமையோ விடுதியையோ ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது, அவர் வாங்கிய கோப்பைகளை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆண்டுதோறும் கணக்குக் கேளுங்கள். பயிற்சியாளரைப் பற்றி ஒரு பிள்ளை பயமில்லாமல் முறையிட, அவருக்கு வேண்டியவர் அல்லாத ஒருவரை நியமியுங்கள். அவர் பெயரையும் போன் நம்பரையும் மைதானத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

(அடுத்த இதழில்: ஆஸ்கர் பிஸ்டோரியஸ்)