விசா வேண்டாம், சரி... மேடை ஏறலாமா? வெளிநாட்டு மாநாட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு நிமிடம்!

புதுக்கோட்டைப் பக்கம் தமிழாசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழு எதையாவது திறந்து பாருங்கள். 'பன்னாட்டுக் கருத்தரங்கம்' என்று ஒரு போஸ்டர் கட்டாயம் கிடக்கும். பின்னணியில் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம். பதிவுக் கட்டணம், கட்டுரை அனுப்பக் கடைசித் தேதி, தங்குமிட விவரம் எல்லாம் முடிந்த பிறகு பளிச்சென்ற நிறத்தில் ஒரு வரி: 'இந்தியர்களுக்கு விசா தேவையில்லை!'

அந்த வரி பொய் இல்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியா போய் 30 நாள்கள் வரை தங்கலாம். 2026 டிசம்பர் 31 வரை இந்தச் சலுகையை நீட்டித்திருக்கிறார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 ஜூலையில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் 11-வது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தபோது இங்கிருந்து போனவர்களுக்கு விசா தேவைப்பட்டது. இப்போது அந்த அலைச்சல் இல்லை. திருச்சியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிற நேரம்கூட ஆகாது.

போஸ்டர் சொல்லாமல் விடுவது வேறொன்று. விசா இல்லாமல் உள்ளே விடுகிற நாடு, நீங்கள் என்ன செய்வதற்காக வருகிறீர்கள் என்ற கேள்வியைக் கைவிட்டுவிடவில்லை.

பார்வையாளரா, பேச்சாளரா?

ஆலங்குடியில் ஒரு தமிழாசிரியை இருக்கிறார், அவருக்கு அப்படி ஓர் அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட் இருக்கிறது. டிக்கெட் போட்டாயிற்று. கோலாலம்பூர் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி, "எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்கிறார். டிராவல்ஸ்காரர் முன்பே சொல்லிக்கொடுத்திருக்கிறார்: "டூர்னு மட்டும் சொல்லுங்க மேடம், வேற எதுவும் பேச வேண்டாம்." டீச்சரும் அப்படியே சொல்கிறார். பையைத் திறந்தால் மேலேயே மாநாட்டு அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரலில் அவர் படம்.

இதில் அவர் செய்த காரியம் எதுவும் குற்றமில்லை. சொன்ன பதில்தான் தவறு. மலேசியாவில் கூட்டத்திலோ கருத்தரங்கிலோ கலந்துகொள்வது சாதாரண வருகை அனுமதிக்குள்ளேயே வரும். அதை மறைக்கவே தேவையில்லை. பணம் வாங்கிக்கொண்டு பேசுவது, பயிற்சி தருவது, கலை நிகழ்ச்சி நடத்துவது எல்லாம் வேறு கணக்கு. அதற்கு 'புரொஃபஷனல் விசிட் பாஸ்' என்று தனி அனுமதி இருக்கிறது. அதை அங்கிருக்கும் அமைப்பாளர்தான் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்க வேண்டும். கட்டுரை வாசிக்கப் போகிறவர்கள் தங்கள் நிகழ்ச்சி எந்தப் பக்கம் வருகிறது என்று அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மேடையில் போர்த்தும் பொன்னாடை பிரச்னை இல்லை. அதோடு சேர்த்துக் கொடுக்கும் கவர்தான் யோசிக்க வைக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. விசா இல்லாவிட்டாலும் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் ஆன்லைனில் நிரப்பியாக வேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதக் காலமாவது மிச்சம் இருக்க வேண்டும். திரும்பி வரும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும்.

பிலிப்பைன்ஸ் இதைவிட வெளிப்படை. 2025 ஜூன் முதல் இந்தியர்களுக்கு 14 நாள்கள் விசா இல்லாத அனுமதி தருகிறார்கள்; சுற்றுலாவுக்கு என்றே சொல்லித் தருகிறார்கள்.

பட்டிமன்றப் பேச்சாளர்கள் கவனிக்க

நம் பக்கத்துப் பேச்சாளர்கள் அதிகம் போய்வரும் ஊர் சிங்கப்பூர். அங்கே போக இந்தியர்களுக்கு விசா கட்டாயம். ஆனால் விசா கிடைத்ததோடு வேலை முடிந்துவிடாது.

சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வேலை அனுமதி இல்லாமலே செய்யக்கூடிய குறுகியகாலப் பணிகள் அதில் இருக்கின்றன. கருத்தரங்குகளில் பேசுவதும் அதில் ஒன்று. நாட்டுக்குள் வந்ததும் ஆன்லைனில் அமைச்சகத்துக்குத் தெரிவித்துவிட்டால் போதும். இதுவரை நிம்மதிதான். ஆனால் பேசப்போகும் நிகழ்ச்சி மதம், இனம், சமூகம், அரசியல் ஆகியவை தொடர்பானது என்றால் இந்த விலக்கு பொருந்தாது. 'மிஸலேனியஸ் வொர்க் பாஸ்' என்ற தனி அனுமதி வேண்டும். அதையும் சிங்கப்பூரில் இருக்கும் அமைப்பாளர்தான் வாங்க வேண்டும்.

இப்போது நம் மேடைகளை நினைத்துப் பாருங்கள். கம்பராமாயணச் சொற்பொழிவு இலக்கியமா, சமயமா? திருமுறை வகுப்பு? தமிழர் உரிமை பற்றிய கருத்தரங்கு? 'குடும்பத்தில் மகிழ்ச்சி தருவது கணவனா, மனைவியா' என்கிற தலைப்புக்குச் சிக்கல் வராது என்று நம்பலாம். மற்றவற்றில் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பேச்சாளர் தானே முடிவு செய்துகொள்ளக் கூடாது. அமைப்பாளர் அமைச்சகத்தில் கேட்க வேண்டும். சென்ற முறை யாரும் கேட்கவில்லை என்பது இந்த முறைக்குச் சாட்சி ஆகாது.

பிறந்த மண்ணிலேயே கைது

இலங்கைக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று தமிழ்க் கருத்தரங்குகள் நடக்கின்றன. இலங்கைக்கு ஆன்லைனில் எடுக்கும் இ.டி.ஏ. என்ற பயண அனுமதியில் சுற்றுலா, வணிகம் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. கருத்தரங்கு, பயிலரங்கு, இசை நடன நிகழ்ச்சி, சமய நிகழ்ச்சி எல்லாம் வணிகப் பிரிவில்தான் வருகின்றன. வியாபாரமே செய்யாத தமிழ்ப் பேராசிரியர் வணிகப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது விசித்திரமாகத் தோன்றும். பலரும் சுற்றுலாவை 'டிக்' செய்வது இதனால்தான்.

இதன் விலை என்ன என்பதற்கு ஓர் உதாரணம். 'ஆடுகளம்' படத்தில் பேட்டைக்காரனாக நடித்த கவிஞர் வ.ஐ.ச.ஜெயபாலனை நமக்குத் தெரியும். இலங்கையில் பிறந்து, நோர்வே குடியுரிமை பெற்றவர். 2013 நவம்பரில் சுற்றுலா விசாவில் இலங்கை போயிருந்தவரை மாங்குளத்தில் கைது செய்தார்கள். கூட்டங்களில் கலந்துகொண்டு பேசியதன் மூலம் விசா நிபந்தனையை மீறினார் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். தடுத்து வைத்து, பிறகு நாடு கடத்தினார்கள். அவர் பேசியது யாருக்குப் பிடிக்கவில்லை என்பது அரசியல். அந்த அரசியலுக்குக் கையில் கிடைத்த சட்டம், விசாவில் எழுதியிருந்த 'சுற்றுலா' என்ற ஒரு சொல்.

விசாவும் தமிழ் மாநாடும் மோதிக்கொள்வது புதிதும் அல்ல. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்குத் தமிழகத்திலிருந்து போக இருந்த பலருக்கு விசா கிடைக்கவில்லை. அந்த மாநாட்டின் கடைசி நாளான ஜனவரி 10-ம் தேதி போலீஸ் நடவடிக்கையின்போது ஒன்பது பேர் உயிரிழந்தது தனிச் சோகம்.

நாம் மட்டும் என்ன?

இலங்கையை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. 1995 ஜனவரியில் எட்டாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே, தஞ்சாவூரில். அதில் பங்கேற்க வந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி உள்ளிட்ட இலங்கைத் தமிழறிஞர்களைத் திருப்பி அனுப்பியது இந்தியா. தமிழ் இலக்கிய வரலாற்றைப் படிக்கிறவர்கள் தாண்டிப் போகவே முடியாத பெயர் அவருடையது. 15 ஆண்டுகள் கழித்து, 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டுக்கு வந்தார். அதற்கு அடுத்த ஆண்டு காலமானார்.

2022 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் இன்னொரு சம்பவம். கேரள மீனவ சமூகம் பற்றிய மாநாட்டுக்கு வந்த பிரிட்டன் மானிடவியல் பேராசிரியர் ஃபிலிப்போ ஒசெல்லாவை விமான நிலையத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். 30 ஆண்டுகளுக்கு மேல் கேரளத்தை ஆய்வு செய்தவர். கையில் காலாவதியாகாத விசாவும் இருந்தது.

வெளிநாட்டு அறிஞரை அழைக்கும் நம் ஊர்க் கல்லூரிகளும் சங்கங்களும் இதைக் கவனிக்க வேண்டும். இந்தியாவுக்கு விசா இல்லாமல் வரக்கூடியவர்கள் மிகக் குறைவு: நேபாள, பூட்டான் குடிமக்கள், சுற்றுலாவுக்கு வரும் மாலத்தீவுக்காரர்கள். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டுத் தமிழர்களுக்கும் விசா வேண்டாம். மற்றபடி மலேசிய, சிங்கப்பூர், இலங்கை, பிரெஞ்சுத் தமிழர் யாராக இருந்தாலும் விசா வேண்டும். கருத்தரங்குக்கென்றே 'மாநாட்டு விசா' இருக்கிறது. இ-விசாவிலும் அந்தப் பிரிவு உண்டு.

ஆனால் அதை வாங்க, வருகிறவர் நினைத்தால் மட்டும் போதாது. மாநாட்டை நடத்துகிறவர்கள் முதலில் வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியை வாங்க வேண்டும். பங்கேற்பாளரின் நாடு, தலைப்பு, இடம் ஆகியவற்றைப் பொறுத்து உள்துறை அமைச்சகத்தின் அனுமதியும் தேவைப்படும். அந்தக் கடிதத்தை விருந்தினருக்கு அனுப்பினால்தான் அவர் விண்ணப்பத்தோடு இணைக்க முடியும். போஸ்டரில் 'பன்னாட்டு' என்று போட ஒரு நிமிடம் போதும், இந்தக் கடிதம் வர வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் நடப்பது என்ன? 'டூரிஸ்ட் விசாவில் வந்துடுங்க ஐயா, பார்த்துக்கலாம்' என்று அன்போடு சொல்லிவிடுகிறார்கள். மாட்டிக்கொண்டால் இழப்பு விருந்தினருக்குத்தான். ஒருமுறை விசா நிபந்தனையை மீறியவர் என்று பெயர் பதிவானால், அடுத்த முறை குலதெய்வக் கோயிலுக்கு வருவதற்கும் அது குறுக்கே நிற்கும்.

மாநாட்டு விசாவில் வந்தவர் இடையில் சித்தன்னவாசல் ஓவியத்தையும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம், விதி அதை அனுமதிக்கிறது. சித்தன்னவாசல் பார்க்க வந்தவர் அதே போக்கில் மைக் முன்னால் நிற்பதுதான் சிக்கல். புதுக்கோட்டை ஞானாலயா நூலகம் போன்ற இடங்களில் உட்கார்ந்து மாதக்கணக்கில் ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு ஆய்வு விசா என்று இன்னொரு வகை. விருந்தினரை வீட்டில் தங்க வைத்தாலும் விடுதியில் வைத்தாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

திருச்சியில் ஏன் இத்தனை கேள்வி?

'கோலாலம்பூர்க்காரன் கேட்டாலாவது பரவாயில்லை, திருச்சியிலேயே துருவித் துருவிக் கேட்கிறார்கள்' என்ற புலம்பலைக் கேட்டிருப்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. வருகையாளர் அனுமதியில் போய் அங்கே வேலைக்குச் சேர்வது நம் மாவட்டங்களில் பல காலமாக நடக்கிறது. ஏஜென்ட்டை நம்பிப் போய்ச் சம்பளமும் இல்லாமல் பாஸ்போர்ட்டும் இல்லாமல் தவித்தவர்கள் எத்தனையோ பேர். தாய்லாந்தில் வேலை என்று அழைத்துப்போய் மியான்மரில் சைபர் மோசடிக் கும்பலிடம் விட்ட கதையும் 2022-ல் வெளியே வந்தது. ஈரான் 2024 பிப்ரவரியில் இந்தியர்களுக்குக் கொடுத்த விசா இல்லாத அனுமதியை 2025 நவம்பரில் நிறுத்தியதற்கும், வேலை ஆசை காட்டி வரவழைத்துக் கடத்திய சம்பவங்கள்தான் காரணம்.

ஆகவே 26 வயது ஆய்வு மாணவர் ஒருவர் முதல்முறை பாஸ்போர்ட்டோடு 'மாநாடு' என்று சொன்னால் அதிகாரி நிமிர்ந்து பார்க்கத்தான் செய்வார். அமைப்பாளரின் தொலைபேசி எண்ணோடு அழைப்புக் கடிதம், கட்டுரை ஏற்கப்பட்ட மின்னஞ்சல், தங்குமிட முன்பதிவு, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றை மொபைலில் மட்டும் வைக்காமல் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி ஆசிரியர் என்றால் துறையின் முன் அனுமதியும் வேண்டும்.

அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் போகிறவர்களுக்கு 'விசா இல்லை' என்ற ஆசையே கிடையாது. 2019 ஜூலையில் சிகாகோவில் 10-வது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்ததே, அதுபோன்ற நிகழ்ச்சிகளுக்கு பி-1 விசா. கட்டணம் 185 டாலர். நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு என்பதால் அழைப்பு வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள்களுக்குள் போனால் எடுத்துக்கொள்வது கஷ்டம்.

விசா மறுத்தால் இந்தக் கட்டணம் எதுவும் திரும்ப வராது. மாநாட்டுப் பதிவுக் கட்டணம் வருமா என்பது அமைப்பாளர் கையில் இருக்கிறது. கட்டுரையைப் படிக்காமலே இரண்டு மணி நேரத்தில் 'ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டுங்கள்' என்று பதில் வந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். ஆய்வேட்டுக்குக் கட்டுரை எண்ணிக்கை தேவைப்படும் மாணவர்களைக் குறிவைத்தே இப்படிப்பட்ட மாநாடுகள் நடக்கின்றன. பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேள்வி இரண்டுதான்: 'நான் எந்த அனுமதியில் வர வேண்டும்? விசா கிடைக்காவிட்டால் பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா?' முதல் கேள்விக்குப் போஸ்டரில் இருந்த அதே வரியையே பதிலாக அனுப்புகிறார்கள் என்றால், அந்த மாநாட்டுக்கு ஜி-பே செய்யாதீர்கள்.