மலையகத்தில் வாய்ப் புற்றுநோய்: பரம்பரையும் வாழ்நிலையும்

ஒரு நோய் குறித்ததொரு சமூகத்தினரைத் தொடர்ந்து வாட்டும்பொழுது, அதன் காரணத்தை அவர்தம் இரத்தத்திலே தேடுதல் எளிது. அவர்தம் வாழ்நிலையிலே தேடுதல் கடினம். பதுளைப் பகுதிப் பெருந்தோட்டங்களில் வாய்ப் புற்றுநோயைத் தடுக்க முனைவோர் முதலில் விடை காண வேண்டியதும் இவ்வினாவுக்கே.

பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வெற்றிலை வெறும் சுவைப்பொருளன்று. விடியற்குளிரையும் பசியையும் மலையேறும் களைப்பையும் மறப்பிக்கும் துணை அது. ஆயின் பாக்கிலுள்ள அரெக்கோலின் என்னும் பொருள் வாயின் உட்சவ்வின் கீழுள்ள இழையத்தைத் தடிக்கச் செய்கின்றது. கன்னம் இறுகி, வாய் திறப்பதும் அரிதாகின்றது. இந்நிலை நாளடைவிற் புற்றுநோயாக மாறக்கூடும். புகையிலை சேரும்பொழுது ஆபத்து மேலும் பெருகும். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோயை விளைவிப்பதே எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூல் உறுதிப்படுத்தியது.

இங்கே பரம்பரையின் பங்கு யாது? உடலிற் புகும் நச்சுப்பொருள்களை அகற்றும் நொதியங்கள் ஆளுக்காள் வேறுபடுகின்றன. ஆதலின் ஒரே பழக்கமுடையோர் அனைவரும் ஒரே அளவில் நோயுறுவதில்லை. எனினும் இரு வேறு விடயங்களை நாம் பிரித்தறிதல் வேண்டும். பெற்றோரிடமிருந்து பெறும் பரம்பரையலகு வேறுபாடு ஒன்று. வாழ்நாளில், வாயின் கலங்களுக்குள்ளேயே பரம்பரையலகுகள் சிதைவுறுதல் மற்றொன்று. வாய்ப் புற்றுநோயிற் பெரும்பாலும் காணப்படுவது பின்னதே. அஃது குலத்தின் குறையன்று. பழக்கமும் அப்பழக்கத்தை வளர்த்த வாழ்நிலையும் கலத்தில் விட்டுச்சென்ற வடுவாகும்.

இவ்விரு முனைகளையும் ஒருங்கே நோக்கிய ஆய்வாளர் பேராசிரியர் சமன் வர்ணகுலசூரிய. பின்னாளில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் பணியாற்றி, வாய்ப் புற்றுநோய்க்கான உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஒத்துழைப்பு நிலையத்தை நெறிப்படுத்தியவர். கலங்களில் நிகழும் மாற்றங்களையும் ஆராய்ந்தவர். ஆயின் நம் மக்களுக்கு நெருக்கமானது, ஊவாவை அடுத்த மத்திய மாகாணத்தில் அவரும் அவர்தம் சகாக்களும் செய்து 1984 இல் வெளியிட்ட ஆய்வேயாகும். எளிய பயிற்சி பெற்ற 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் ஓராண்டில் 28,295 பேரின் வாயைப் பரிசோதித்தனர். 1,220 பேரிடம் ஐயத்துக்குரிய மாற்றங்களைக் கண்டனர். நிபுணர் மீளப் பரிசோதித்தபோது, பெரும்பாலானவற்றில் அவர்தம் கணிப்புச் சரியாகவே இருந்தது. பட்டம் பெற்ற வைத்தியர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதை இவ்வாய்வு நிறுவிற்று.

அதே ஆய்வு கசப்பான மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்திற்று. அனுப்பப்பட்ட 1,220 பேரில் நிபுணரிடம் சென்றோர் 660 பேர் மட்டுமே. ஏறத்தாழச் சரிபாதியினர் செல்லவில்லை. இதனை அறியாமை என்று கூறிக் கைகழுவுதல் தகாது என்பதே எமது கருத்து. நாட்கூலி பெறும் தொழிலாளிக்கு ஒருநாள் வைத்தியசாலைப் பயணம் என்பது ஒருநாட் பேரை இழப்பதாகும். லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு இறங்கி, பேருந்தேறிப் பதுளை வந்து, தன் மொழியிற் பேசாத ஒருவரிடம் நோயை விளக்க வேண்டியவரின் தயக்கமும் நோக்கற்பாலது.

முற்கூட்டிக் கண்டறிதலின் பயன் ஐயத்துக்கிடமற்றது. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் சங்கரநாராயணன் முதலானோர் நடத்தி 2005 இல் வெளியிட்ட பரிசோதனையில், புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 வீதம் குறைந்தது. கருவி யாதும் வேண்டியதில்லை. வெளிச்சமும் பயின்ற கண்ணும் போதும். துடைத்தாலும் நீங்காத வெண்படலம், செம்படலம், மூன்று வாரமாகியும் ஆறாத புண் ஆகியவற்றைத் தோட்டத்து மருத்துவமாதும் இனங்காணவியலும்.

ஆகவே பதுளைத் தோட்டங்களுக்குத் தேவையானவை மூன்று: தோட்டத்திலேயே வாய்ப் பரிசோதனை, வைத்தியசாலை செல்லும் நாளுக்குச் சம்பளம், தமிழில் விளக்கம். பரம்பரையலகு ஆய்வு வளரட்டும். அதனால் ஆபத்து மிக்கோரை முன்னரே அறியவும் கூடும். ஆயினும் அறியப்பட்டவர் மலையிலிருந்து இறங்கி வர வழியில்லையெனின், அவ்வறிவால் அவருக்கு விளையும் பயன் யாது?