ரங்கன் வாத்தியார் ஏன் சொந்த மகனை மேடை ஏத்தல? ஓய்வு பெற்ற குத்துச்சண்டை வீரர்களும் அவங்க பிள்ளைகளும்

'சார்பட்டா பரம்பரை' படத்தை ஓடிடியில் மறுபடி போட்டால் பெரும்பாலானவர்கள் நேராக டான்ஸிங் ரோஸ் சண்டைக்குத்தான் ஓட்டுவார்கள். தப்பில்லை, அது அப்படிப்பட்ட சண்டை. ஆனால் அந்தப் படத்துக்குள்ளே சத்தமில்லாமல் இன்னொரு கதையும் ஓடுகிறது. மேடையை விட்டு இறங்கிய வீரனுக்கும் அவன் பிள்ளைக்கும் இடையிலான கதை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ரங்கன் வாத்தியார் செய்தது என்ன?

பா.ரஞ்சித் இயக்கிய படம் 2021 ஜூலை 22-ல் அமேசான் பிரைமில் வெளியானது. கதை நடப்பது 1970-களின் வடசென்னை, எமர்ஜென்சி காலம். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என இரண்டு குத்துச்சண்டை பரம்பரைகள். இவை இயக்குநரின் கற்பனை இல்லை, அந்தப் பெயர்களில் வடசென்னையில் நிஜமாகவே பரம்பரைகள் இருந்தன. நாட் டெர்ரி என்ற வெள்ளைக்கார வீரரைத் தோற்கடித்த கித்தேரி முத்து, நிஜ சார்பட்டாவின் ஆள்.

படத்தில் ரங்கன் (பசுபதி) சார்பட்டாவின் வாத்தியார். அவருக்கு வெற்றிச்செல்வன் (கலையரசன்) என்று ஒரு மகன். அப்பா தன்னை மேடை ஏற்றுவார் என்று அவன் காத்திருக்கிறான். பரம்பரை மானமே வேம்புலியோடு மோதும் சண்டையில் தொங்கும்போது அப்பா வேறு ஒருவன் பெயரைச் சொல்கிறார். அதன் பிறகு அந்த இடத்துக்கு வருவது கபிலன் (ஆர்யா), செத்துப்போன பழைய வீரர் முனிரத்னத்தின் மகன்.

வாத்தியாராக ரங்கன் செய்தது சரி. மகன் என்பதற்காக இடம் தரவில்லை, திறமையைப் பார்த்தார். அப்பாவாக? அங்கேதான் சிக்கல். 'நீ பத்தமாட்டே' என்பதை அவர் மகனிடம் தனியாக உட்கார்ந்து சொல்லவே இல்லை. ஊர் முன்னாடி தெரிந்துகொள்கிறான். அந்தக் காயம் சும்மா இருக்குமா? பின்னால் கபிலன் கள்ளச்சாராயத் தொழிலில் இறங்கி உடம்பைக் கெடுத்துக்கொள்வதும் இதே வெற்றியோடு சேர்ந்துதான்.

அம்மா ஏன் தடுக்கிறாங்க?

கபிலனின் அம்மா பாக்கியம் (அனுபமா குமார்) படம் முழுக்க 'பாக்ஸிங் வேணாம்' என்று அடித்தே சொல்கிறார். நிறைய பேருக்கு இது எரிச்சலாக இருந்திருக்கும். ஆனால் அவர் கண்ணால் பார்த்தது வேறு. அவர் புருஷன் கையுறையைக் கழற்றிய பிறகும் கை அடங்கவில்லை. மேடையில் வந்த பேரு தெருவில் அடியாள் வேலைக்குப் பயன்பட்டது, கடைசியில் உயிரும் போனது. அதனால் 'பாக்ஸர் மகன்' என்று ஊரார் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் அந்த அம்மா காதில் வேறு மாதிரிதான் விழுகிறது.

கவனித்துப் பாருங்க, நம்ம சண்டைப் படங்களில் பிள்ளை பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுக்கும் அப்பா ரொம்பக் குறைவு. 'எம்.குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி'யில் (2004) கிக் பாக்ஸிங் கோச்சான அப்பா பிரகாஷ்ராஜ் மலேசியாவில் இருக்கிறார், மகனை வளர்த்தது அம்மா நதியா. அடிமுறையை வைத்து வந்த 'பட்டாஸ்' (2020) படத்திலும் அப்பா இறந்துபோனவர், கலையை மகனுக்குச் சேர்ப்பது அம்மா சினேகா. (சைடுல ஒரு தகவல்: 'எம்.குமரன்' படத்தைத் தயாரித்தது எடிட்டர் மோகன், இயக்கியது மூத்த மகன் ராஜா, நடித்தது இளைய மகன் ரவி. அப்பா-மகன் கதையை ஒரு அப்பாவும் இரண்டு மகன்களுமே எடுத்திருக்கிறார்கள்.)

அப்பாவே பயிற்சி கொடுக்கும் கதை வேண்டுமென்றால் ஹரியானாவுக்குப் போகணும். 'தங்கல்' (2016), மல்யுத்த வீரர் மகாவீர் சிங் போகாட் தன் மகள்களை உருவாக்கிய கதை. மகள் கீதா 2010 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றது நிஜம். இறுதிப் போட்டி நேரத்தில் அப்பாவை அறையில் பூட்டி வைப்பது சினிமாவுக்காகச் சேர்த்தது.

முகமது அலி வீட்டில் என்ன நடந்தது?

இந்த விஷயத்தில் சினிமாவை மிஞ்சிய நிஜம் ஒன்று இருக்கிறது. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கினார், எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அப்போது அலியின் மகள் லைலாவுக்கு 2 வயது.

1984-ல் அலிக்கு பார்கின்சன் நோய் இருப்பது உறுதியானது. குத்துச்சண்டைதான் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தது கை நடுங்குகிற, பேச்சு குறைந்துபோன ஒரு அப்பாவை. அப்படி இருந்தும் லைலா குத்துச்சண்டைக்கு வந்தார். அலி உற்சாகப்படுத்தவில்லை, தடுத்துத்தான் பார்த்தார். 1999-ல் முதல் போட்டியிலேயே 31 வினாடியில் நாக் அவுட்.

அடுத்ததுதான் யோசிக்க வைப்பது. 1971-ல் அலியைத் தோற்கடித்தவர் ஜோ ஃபிரேசியர். 2001 ஜூன் 8-ல் அலியின் மகளும் ஃபிரேசியரின் மகள் ஜாக்கியும் மோதினார்கள். லைலாவுக்கு 23 வயது, ஜாக்கிக்கு 39, அதுவும் வக்கீல். 'அலி-ஃபிரேசியர் 4' என்றே விளம்பரம் செய்தார்கள். அப்பாக்கள் 3 முறை மோதிய கணக்கின் தொடர்ச்சியாக மகள்களின் சண்டைக்கு டிக்கெட் விற்றது. 8 சுற்றும் போய் லைலா ஜெயித்தார். 24 போட்டி, 24 வெற்றியோடு ஓய்வு பெற்றார்.

கபிலன் நிலைமையும் இதுதானே? அவன் குத்துவது வேம்புலியை. ஊர் பார்ப்பது முனிரத்னத்தின் மகனை.

உங்க பிள்ளை 'பாக்ஸிங் போறேன்'னு சொன்னா?

தலையில் தொடர்ந்து அடி வாங்கும் வீரர்களின் மூளை பாதிக்கப்படுவதை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். 2013 முதல் சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் சீனியர் ஆண்களுக்கு ஹெட்கார்டு எடுக்கப்பட்டது, 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமல்தான் ஆடினார்கள். ஹெட்கார்டு முகம் கிழிவதைக் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது.

அதனால் சேர்க்கும் முன்னாடி கோச்சிடம் கேளுங்க: வாரத்தில் எத்தனை நாள் ஸ்பாரிங்? சமமான எடை, வயசு உள்ளவங்களோடதானா? அடி பட்டு தலைவலி, வாந்தி, தலைசுற்றல் வந்தால் அன்னைக்கு மறுபடி ரிங்கில் இறக்கவே கூடாது, டாக்டர் பார்த்து சரி என்ற பிறகுதான். 'சின்ன அடிதான், தாங்குவான்' என்று சொல்கிற கோச் என்றால் வேறு இடம் பாருங்க.

வேறு இடம் எங்கே என்பதும் கேள்விதான். துறையூர் தாண்டி உப்பிலியபுரத்தில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு திருச்சி அண்ணா ஸ்டேடியம் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். ஸ்கூல் விட்டு வந்து தினமும் போய்வர முடியாது. ஊரில் சிலம்ப வாத்தியார் இருந்தால் அங்கே ஆரம்பிக்கலாம், காலடி வரிசையும் மூச்சும் எந்தச் சண்டைக்கும் உதவும்.

பழைய வீரரான அப்பாவே கோச் ஆக நினைத்தால்? 'தங்கல்' படத்திலேயே பதில் இருக்கு. கீதா தேசிய அகாடமிக்குப் போய் வேறு கோச்சிடம் கற்றுக்கொண்டு திரும்பும்போது, வீட்டு மண்ணில் அப்பாவோடு மோதி அவரைச் சாய்க்கிறாள். வயசான அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும் அந்தக் காட்சியை டான்ஸிங் ரோஸ் சண்டை பார்த்து முடித்த கையோடு ஒரு தடவை பாருங்க. படம் 'யுத்தம்' என்ற பெயரில் தமிழ் டப்பிங்கிலும் வந்திருக்கிறது.