ஆடி மழையில் குச்சி, பதியம், தூர்: தோட்டத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும் வழி

வேலப்பன்சாவடியில் 2016 முதல் நான் குத்தகைக்குப் பயிர் செய்யும் 40 சென்ட் தோட்டத்தை வருகிற தை மாதத்தோடு விட்டுக்கொடுக்க வேண்டும். நிலத்துக்காரர் வீட்டில் மனை பிரிக்க முடிவு செய்துவிட்டார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கும் கூவத்துக்கும் நடுவே இருக்கிற நிலத்துக்கு இது நடக்கும்னு தெரிஞ்ச கதைதான். ஊர்ப்பெயரே பூவிருந்தவல்லி. இங்கிருந்து திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதருக்குத் தினமும் பூ கொண்டு போனதாகச் சொல்வார்கள். இப்போது பூச்செடி தேடினால் தொட்டியில்தான் கிடைக்கிறது.

ஊத்துக்கோட்டைப் பக்கம் வேறு இடம் பேசி முடித்திருக்கிறோம். "நர்சரியில புதுசா வாங்கி வச்சிக்கலாமே" என்று பலர் சொல்கிறார்கள். வாங்கலாம். ஆனால் இந்த மண்ணிலும் இந்தத் தண்ணீரிலும் ரசாயனம் இல்லாமல் தாக்குப்பிடித்த செடி கடையில் கிடைக்காது. ஒரு உதாரணம் சொல்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் தோட்டத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. விதை போட்டு வந்த 9 முருங்கையில் 7 அழுகிப் போயின. தப்பிய இரண்டில் ஒன்று மேட்டில் நின்றது, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இன்னொன்று பள்ளத்திலேயே நின்று பிழைத்தது. எனக்கு அந்த மரம்தான் வேண்டும். அதன் விதையைப் போட்டால் அயல் மகரந்தம் கலந்து வேறு குணமும் வரலாம். போத்து நட்டால் அதே மரம் அப்படியே வரும்.

ஆகவே இந்த ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் எங்களுக்குக் கவாத்து, பதியம், தூர் பிரிக்கிற வேலைதான். நிலத்தை விடாதவர்களுக்கும் இது பயன்படும்.

ஏன் இந்த மழை?

அக்னி நட்சத்திரம் முடிந்தும் சென்னையில் வெயில் குறையாது. ஆனால் சாயங்கால இடிமழை தொடங்கிவிடும். சென்னையின் ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்கிறது. 2023 ஜூன் 19 அன்று பள்ளிகளுக்கு விடுமுறை விடும் அளவுக்குக் கொட்டியது நினைவிருக்கும்.

வெட்டிய குச்சிக்கு வேர் கிடையாது. ஆனால் இலை வழியாக நீர் போய்க்கொண்டே இருக்கும். காற்றில் ஈரம் இருந்தால் அந்த இழப்பு குறையும். மண் சூடாக இருப்பதால் வேரும் சீக்கிரம் விடும். ஐப்பசி அடைமழையில் மண் சொதசொதவென்று நின்று, வேர் வருவதற்குள் குச்சி அழுகிவிடும். ஆடிப்பட்டம் விதைக்கு மட்டும் இல்லை, குச்சிக்கும்தான்.

ஒன்று கவனிக்கணும். மழை பெய்யும்போதோ இலை சொட்டும்போதோ வெட்டக் கூடாது. ஈரக் காயத்தில் பூஞ்சணம் சுலபமாக ஏறும். மறுநாள் காலை இலை காய்ந்த பிறகு, கூரான கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது கத்தரியைத் தீயில் காட்டிக்கொள்ளுங்கள்.

எதை வெட்டலாம், எதை விடணும்?

செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி மூன்றையும் இப்போது மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம். மாவுப்பூச்சி பிடித்த கிளையை முதலில் எடுத்துத் தனியாக அழித்துவிடுங்கள். அதிலிருந்து குச்சி எடுக்க வேண்டாம். அரளிக் கழிவை ஆடுமாடு வாய்வைக்காத இடத்தில் போடுங்கள், அது விஷம். காய்த்து முடித்த செடிமுருங்கையை 3 அடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுதாம்பு வரும். மாமரத்தில் அறுவடை முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் காய்ந்த கிளை, உள்பக்கம் நெருங்கிய கிளைகளை எடுக்கலாம்.

குண்டுமல்லியை மட்டும் இப்போது மொட்டையடிக்காதீர்கள். அதன் கவாத்து நவம்பர் கடைசியில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு. முல்லைக்கும் ஜாதிமல்லிக்கும் ஜனவரி. இப்போது மல்லியில் செய்யவேண்டியது பதியம்.

குச்சியும் போத்தும்

1989-இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம்.-1 செடிமுருங்கையை வெளியிட்ட பிறகுதான் விதை போட்டு முருங்கை வளர்ப்பது பரவலானது. அதற்கு முன் வீட்டுக்கு வீடு போத்துதான். 3 முதல் 5 அடி நீளம், மணிக்கட்டுப் பருமன் உள்ள முற்றிய கிளையை எடுத்து, வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் வைக்கிறோம். மேல்முனையில் சாணத்தை அப்பி, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி நட்டு, அடியில் தண்ணீர் நிற்காமல் மண் அணைக்கிறோம். போத்தைப் பையில் வைக்காமல் புது இடத்திலேயே நேராக நடுகிறோம்.

செம்பருத்தி போன்றவற்றுக்குப் பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில், 4 கணு உள்ள குச்சி போதும். அடிப்பக்கம் கணுவுக்குக் கீழே சாய்வாகவும் மேலே நேராகவும் வெட்டினால், தலைகீழாக நட்டுவிடாமல் தப்பிக்கலாம். மேலே இரண்டு இலையைப் பாதியாக நறுக்கி வைத்து, மற்றதைக் கிள்ளிவிடணும். 10 லிட்டர் தண்ணீரில் 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து அரை மணி நேரம் அடிப்பகுதியை நனைக்கிறோம். இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு மண், ஒரு கை மக்கிய தொழுவுரம், இதுதான் கலவை. உரம் கூடினால் குச்சி அழுகும்.

டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது. அந்தச் செடி வேண்டுமென்றால் நுனிக்குச்சிதான் வழி.

பதியம்

மல்லிக்கு எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அயனம்பாக்கத்தில் பூக்கட்டும் ஒரு ஆயா. தாழ்ந்த கிளையை வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகச் சீவி, இரண்டு விரற்கடை ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைப்பார். "வச்சிட்டு வச்சிட்டு இழுத்துப் பாக்காத தம்பி, வேர் வந்தா அதுவே துளிர் காட்டும்" என்பார். இரண்டு, மூன்று மாதத்தில் தாயிலிருந்து பிரிக்கலாம். ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் மல்லிகை நாற்று உற்பத்தியே பெரிய தொழில். தமிழ்நாடு முழுக்க மல்லி நாற்று அங்கிருந்து போகிறது. பத்துச் செடி வேண்டியவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

கொய்யா, மாதுளைக்கு விண்பதியம். பென்சிலைவிடக் கொஞ்சம் பருமனான கிளையில் ஒரு அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழவழப்பைச் சுரண்டிவிட்டு, நனைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவை வைத்து பாலிதீனால் இறுக்கிக் கட்டுங்கள். வேர் வெளியே தெரிய ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும்.

தூர் பிரித்தல்

எலுமிச்சைப்புல்லையும் வெட்டிவேரையும் இலையை ஒரு சாணுக்கு நறுக்கிவிட்டு, தூரைத் தோண்டி, இரண்டு மூன்று சிம்பாகப் பிரித்து நடுகிறோம். வாழையில் அகல இலைக் கன்றை விட்டுவிட்டு ஈட்டி இலைக் கன்றை எடுங்கள். கிழங்கில் பழைய வேரையும் அழுகலையும் சீவிவிட்டு நடணும். கறிவேப்பிலையில் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைத் தனிவேரோடு பிரிக்கலாம். ஆடியில் பழுக்கும் பழத்தைக் கசக்கி விதை எடுத்தால் மூன்று, நான்கு நாளுக்குள் போட்டுவிடுங்கள், காயவைத்தால் முளைப்பு போய்விடும்.

ஒன்றுக்கு மூன்று

எங்களுக்கு ஒரு செடி தேவையென்றால் மூன்று போடுகிறோம். ஒன்று புது இடத்துக்கு, ஒன்று பிழைக்காமல் போனால் ஈடுகட்ட, ஒன்று அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்கு. பள்ளத்து முருங்கையின் போத்து இதுவரை நான்கு வீட்டுக்குப் போயிருக்கிறது. ஊத்துக்கோட்டை மண்ணில் அது பிடிக்காவிட்டாலும் இந்த நான்கு வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

புரட்டாசி பிறந்ததும் குச்சி போடுவதை நிறுத்திவிடுங்கள். வேர்விட்ட பைகளைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், பையின் அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள், நிழலில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள். ஐப்பசி மழை வரும்போது ஒவ்வொரு பையிலும் புதுத்துளிர் இருக்கணும்.